மரக்காத் தலையன் வகையறா

ஜனவரி 20, திங்கள்

இந்த டைரி என் வீட்டுக்காரரின் பம்புசெட் கடைக்கு ஏதோ மோட்டார் கம்பெனி கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு மோட்டார் படம். பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சருக்கு டைரி எதற்கு என்று அலமாரியில் போட்டு வைத்திருந்தேன். இன்றைக்கு யாரையாவது நாலு வார்த்தை திட்ட வேண்டும் போல் இருக்கிறது. வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் நல்லவர்கள், அவர்களைத் திட்டிப் பயனில்லை. அதனால் எழுதுகிறேன். என் பெயர் செண்பகவல்லி. டைரிக்கும் தெரிந்திருக்கட்டும்.

காலையில் நானும் இவரும் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் இடது மார்பை எடுத்தார்கள். போன ஆவணியில் கழுத்தில் தைராய்டை எடுத்தார்கள். நாற்பத்தொரு வயதில் ஒரே ஆளுக்கு இரண்டு இடத்தில் புற்று வந்தால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று ரத்தம் எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். இன்று முடிவு வந்தது.

டாக்டர் ஷமீமா இதற்கென்றே தனியாகப் படித்தவர். என்னைவிடச் சின்னப் பெண். காகிதத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"டீச்சர், பிடென்னு ஒரு ஜீன். எல்லாருக்கும் ரெண்டு பிரதி இருக்கும். அம்மா கொடுத்தது ஒண்ணு, அப்பா கொடுத்தது ஒண்ணு. உங்களுக்கு அதுல ஒண்ணு பிறக்கும்போதே பழுது."

"அது என்ன வேல செய்யும்?"

ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். வட்டம்தான் செல். வெளியிலிருந்து ஒரு செய்தி வந்து அதன் சுவரைத் தட்டும். பிழைத்திரு, பெருகு என்று. உடனே சுவரின் உள்பக்கம் இருக்கிற ஒரு கொழுப்புத் துணுக்கில் பாஸ்பேட் ஒன்று போய் ஒட்டிக்கொள்ளும். அது ஒட்டியிருக்கிற வரை அந்த உத்தரவு செல்லுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். பிடென் செய்கிற வேலை, அந்தப் பாஸ்பேட்டைப் பிடுங்கிப் போடுவது. பிடுங்கினால் உத்தரவு நிற்கும். வளர்ந்தது போதும் என்று செல் அடங்கும், கெட்டுப்போன செல்லாக இருந்தால் செத்தும் போகும். பிடுங்க ஆள் இல்லையென்றால் சாக வேண்டியது சாகாது. பிழைத்திரு, பிழைத்திரு என்று கேட்டுக்கொண்டே பெருகும்.

"அப்பம் அது விசிலு. ஆட்டத்த நிப்பாட்ட ஊதுதோம்லா, அது" என்றேன்.

டாக்டர் சிரித்தார். "அதேதான். உங்களுக்கு ஒரு விசில் பிறவியிலேயே ஊதாது. இன்னொண்ணு ஊதிக்கிட்டு இருந்துச்சு. எந்தச் செல்லுல அந்த ரெண்டாவதும் கெட்டுச்சோ அங்க கட்டி வந்துடுச்சு."

அப்புறம் ஒரு டேப்பை எடுத்து என் தலையைச் சுற்றி அளந்தார். எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. எங்கள் ஊரில் எங்கள் குடும்பத்துக்கு மரக்காத் தலையன் வகையறா என்று பெயர். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்தது போல எல்லோருக்கும் பெரிய தலை. மூளை அதிகம் என்று நாங்கள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தோம். அதுவும் இந்தப் பழுதின் வேலைதானாம். வளர்ந்தது போதும் என்று சொல்ல ஆள் குறைந்ததால் வளர்ந்த தலை.

"உங்க அப்பா வழியில இப்படிப் புற்று யாருக்காவது இருந்ததா?"

"இல்ல டாக்டர். ரெண்டு வருஷம் முன்னாலயே கேட்டாங்க, சொல்லிட்டேன். அப்பா லாரில அடிபட்டுப் போனாவ. பெரியப்பா நல்லா இருக்காவ."

"அவங்க ரெண்டு பேர்தானா? கூடப் பிறந்த பொம்பளைங்க?"

"ரெண்டு அத்த இருந்தாவ. செத்துப் போயிட்டாவ."

"எதனால?"

"பெரிய அத்தைக்கு மார்ல கட்டி. சின்ன அத்தைக்குக் கர்ப்பப்பைல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "டீச்சர், அப்புறம் ஏன் குடும்பத்துல யாருக்கும் இல்லன்னு சொன்னீங்க?"

"எங்க குடும்பத்தத்தான கேட்டிய? அவ்வோ கட்டிக்கொடுத்துப் போனவ்வோ" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

நான் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டால் அவள் வேறு வீடு, வேறு குலசாமி. பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு, கட்டிக்கொடுத்த பெண் செத்தால் மூன்று நாள். அம்பாசமுத்திரத்தில் சின்ன அத்தை செத்தபோது, அந்த வீட்டு வாஸ்து சரியில்லை என்றுதான் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

கிளம்பும்போது டாக்டர் கேட்டார். "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?"

"பதிமூணு."

"இது இருந்தா சின்ன வயசுலேருந்தே வருஷா வருஷம் கழுத்து ஸ்கேன் பாக்கணும். அவளுக்கும் ரத்தம் எடுத்துடலாம்."

என் மகள் சஷ்டிகாவுக்குப் பரீட்சை நேரம். முடியட்டும்.

ஜனவரி 21

எட்டாம் வகுப்பு கபடிப் பிள்ளைகளை இன்று அளவுக்கு மேல் ஓடவிட்டேன். தலைமையாசிரியை ஜன்னல் வழியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

ஜனவரி 26, ஞாயிறு

குடியரசு தின அணிவகுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்தே விசில் ஊதுங்கள் என்று கணக்கு டீச்சர் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அந்த நாற்காலியில் தண்ணீர்க் கேனை வைத்தேன்.

சஷ்டிகாவுக்குச் சாரணர் தொப்பி எந்த அளவிலும் நுழையவில்லை. கடைசியில் பின்தையலைப் பிரித்துவிட்டு ஊக்கு குத்திப் போட்டு அனுப்பினேன். அணிவகுப்பில் அவள்தான் முதல் வரிசை. என் மகள் அல்லவா, நடை அப்படி.

வீட்டுக்கு வந்து இவர் அந்தத் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "செம்பா, அவள எப்பம் கூட்டிட்டுப் போறோம்?"

"வாஷிங் மெஷின்ல தண்ணி ஒழுகுது. மொதல்ல அதப் பாருங்க" என்றேன். எழுந்து போய்ப் பார்த்தார். ஒழுகவில்லை என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அம்பாசமுத்திரம் போனேன். சின்ன அத்தை பிச்சம்மாளின் மகள் சிவகாமி மதினி வீடு. எட்டு வருடம் கழித்துப் போகிறேன், வெட்கமாக இருந்தது. கதவைத் திறந்ததும் நான் பார்த்தது அவள் தலையை. அப்புறம் கழுத்தில் தழும்பை. என் கழுத்தில் இருக்கிறதே, அதே இடம்.

"கழல ஆபரேசன். ஆச்சு, அஞ்சாறு வருஷம்" என்றாள்.

"எங்கள்ட்ட ஒரு வார்த்த சொல்லலியே மதினி."

"எதுக்குச் சொல்லணும்? எங்கம்ம செத்ததுக்குப் பொறந்த வீட்டுலேருந்து கோடிச் சேலையோட வந்தாவ. மேல போத்திட்டு, கைய நனைக்காமக் கெளம்பிட்டாவ. என்ன நோவு, எத்தன நாளாக் கெடந்தான்னு ஒரு ஆளு கேக்கலியே. பெரியம்ம போனதுக்கும் அப்படித்தான."

அவள் சொல்வதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கோடி போட வந்தவர்களில் நானும் ஒருத்தி.

இருந்தாலும் மதினி நல்லவள். நான் எல்லாவற்றையும் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு தோசை சுட்டாள். அடுத்த வாரமே டாக்டர் ஷமீமாவிடம் போகிறேன் என்றாள். ஒன்று ஆச்சு.

பிப்ரவரி 9, ஞாயிறு

பாவூர்சத்திரத்தில் பெரியப்பா வீடு. பெரியப்பா ஆவுடையப்பன் எங்கள் வகையறாவுக்குத் தலைவர், எங்கள் குலசாமியான சாஸ்தாவின் கோயில் சாவி அவரிடம்தான் இருக்கிறது. தலையும் அவருடையதுதான் பெரியது. அவர் மகள் பூரணிக்கு வைகாசியில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். தனியார் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். நான் தூக்கி வளர்த்த பிள்ளை.

நான் பேசியதைப் பெரியப்பா கடைசி வரை கேட்டார். அதற்குள் பெரியம்மா வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"எளா, ஒனக்கு வந்துட்டு. பாவம். அதுக்காவ ஊருக்கெல்லாம் இருக்குன்னு தமுக்கு அடிக்கியாக்கும்?"

"ஊருக்கு இல்ல பெரியப்பா. அத்தைமாரு ரெண்டு பேருக்கும் இருந்திருக்கு. எங்கப்பாட்டேருந்து எனக்கு வந்திருக்கு. ஒங்களுக்கும் இருக்கலாம். இருந்தா பூரணிக்குப் பாதிக்குப் பாதி. ஒரு ரத்தம் எடுத்துப் பாத்தாப் போதும்."

"இன்னும் ரெண்டு வாரத்துல நிச்சயம். இப்பம் போயி ரத்தம் குடுன்னா, பொண்ணுக்கு என்ன நோவுன்னு கேப்பானா மாட்டானா? கல்யாணம் முடியட்டும். பெறவு அவ அந்த வீட்டுப் பொண்ணு. அவ்வோ பாத்துக்கிடட்டும்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. நியாயத்தைச் சொல்வது போலத்தான் சொன்னார். 

"அத்தைமாரையும் அப்படித்தான் அவ்வோ அவ்வோ வீட்டுல பாத்துக்கிட்டாவ. கோடிய நம்ம கொண்டுட்டுப் போனோம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். காபி அப்படியே இருந்தது.

பிப்ரவரி 10

பூரணிக்கு வாட்ஸப்பில் எல்லாம் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டு என் நம்பரை பிளாக் செய்துவிட்டாள். நீலக்குறி விழுந்தது, அப்புறம் அவள் படத்தைக் காணோம். அது என் ரத்தம்தான், அடம் இல்லாமல் இருக்குமா?

பிப்ரவரி 23, ஞாயிறு

நிச்சயதார்த்தம். கூப்பிட்டும் கூப்பிடாமலும் கூப்பிட்டார்கள். மூன்று பேரும் போனோம்.

மாப்பிள்ளை வீட்டார் பூரணி கழுத்தில் சங்கிலி போட்டார்கள். போட்டோக்காரர் முகத்தைத் தூக்கச் சொன்னார். அவள் தூக்கி, எச்சில் விழுங்கினாள். கழுத்தின் வலது பக்கம் ஒரு நெல்லிக்காய் மேலே ஏறி இறங்கியது. சங்கிலியைப் பார்க்கிறவர்கள் சங்கிலியைப் பார்த்தார்கள். நான் பார்த்தது அதை. கண்ணாடியில் என் கழுத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பித்தம் என்று சுக்குக் கசாயம் குடித்தவள் நான்.

பக்கத்தில் போனேன். பெரியம்மா என் கையைப் பிடித்து, பாயசத்தில் முந்திரி போதுமா பாரு என்று அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். அங்கே பாயசம் ஆறிப்போய்க் கிடந்தது.

சஷ்டி பூரணியோடு ஒட்டிக்கொண்டே திரிந்தாள். வீட்டுக்கு வரும்போது காரில் கேட்டாள். "ஏம்மா, பூரணி சித்தி கழுத்தயே பாத்துட்டு இருந்த?"

"சங்கிலி டிசைன் நல்லா இருந்துச்சு."

"ம்" என்றாள். இந்தப் பிள்ளை இப்போதெல்லாம் இந்த "ம்" போடக் கற்றுக்கொண்டிருக்கிறது.

மார்ச் 8, சனி

மகளிர் தினம். பள்ளியில் ஆளுக்கொரு ரோஜாவும் சாக்லேட்டும் கொடுத்து, பெண் என்பவள் தியாகத்தின் உருவம் என்று ஒருவர் பேசினார். ரோஜாவைப் பையில் போட்டுக்கொண்டு பூரணியின் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றேன்.

பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தாள். கபடி ஆடினவளிடமா? மறித்துக்கொண்டேன்.

"யக்கா, நீ சொல்லுதது எல்லாம் எனக்குப் புரியுது. நான் படிச்சவதான். கட்டி இருக்கதும் தெரியும், தடவிப் பாக்காமலா இருப்பேன்? ஆனா இருக்குன்னு வந்துட்டா என்ன செய்ய? கல்யாணம் நின்னா அப்பா தாங்க மாட்டாவ. தெரியாம இருந்தா இந்த ரெண்டு மாசமாவது சிரிச்சிக்கிட்டு இருப்பேன்லா."

"தெரியாம இருந்தா இல்லன்னு ஆயிருமா? பூன கண்ண மூடுன கத."

"எல்லாரும் ஒன்ன மாதிரி இருக்க முடியாதுக்கா. ஒனக்குப் பயமே கெடையாது."

ஆமாம், எனக்குப் பயம் கிடையாது. அறுவை அறைக்கு நடந்தே போனவள் நான், ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று. அவளிடம் அதைச் சொன்னேன். ரோஜாவையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 16

சிவகாமி மதினிக்கு இருக்கிறதாம். இப்போது மார்பில் ஸ்கேன் எடுத்ததில் ஒன்றும் இல்லை. வருடா வருடம் பார்த்தால் சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிடலாம் என்றாராம் டாக்டர். மதினி போனில் சொன்னாள். "எங்கம்மைக்கு இது கெடைக்கலியே" என்று அழுதாள். நானும் அழுதேன். எழுதினால் என்ன, அழுதேன்தான்.

மார்ச் 27

டாக்டர் ஷமீமா இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார். போன் சார்ஜில் கிடந்தது. சஷ்டியின் ரத்தம் பற்றித்தான் இருக்கும். அவளுக்கு ஜலதோஷம். ஜலதோஷத்தோடு ரத்தம் கொடுக்கக் கூடாது என்று எங்கோ கேட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

நாளை பங்குனி உத்திரம். வகையறா மொத்தமும் மலையடிவாரத்துச் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைத்துப் படைப்பார்கள். ஆண்பிள்ளைகளும் அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளும், இன்னும் கல்யாணம் ஆகாத பெண்களும் வருவார்கள். கட்டிக் கொடுத்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை, அவரவர் புருஷன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் போய்விட வேண்டும். பதினேழு வருடமாக நானும் ஒழுங்காக அப்படித்தான் போகிறேன்.

நாளைக்கு நான் என் அப்பன் வீட்டுச் சாஸ்தாவுக்குப் போகிறேன். சிவகாமி மதினியையும் வரச் சொல்லியிருக்கிறேன். இவரிடம் சொன்னேன், உங்கள் சாஸ்தா கோபித்துக்கொள்வாரா என்று.

"மோட்டாரு ரிப்பேருன்னு சொல்லிக்கிடுதேன்" என்றார். இதற்காகத்தான் இந்த மனிதரைக் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எனக்குச் சாதகமாக எதையும் வளைக்க மாட்டேன்.

நாங்கள் போய் இறங்கியபோது பானைகள் பொங்கி இறக்கியாகிவிட்டது. சித்தப்பா முறை ஒருவர், "என்னம்மா, எடம் மாறி வந்துட்டியளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மரத்தடியில் நின்றோம். எங்களுக்கு யாரும் பாய் போடவில்லை.

படைப்பு முடிந்து, பெரியப்பா ஒவ்வொரு வீட்டுப் பெயராகச் சொல்லிப் பிரசாதம் கொடுக்கத் தொடங்கினார். ஆண்பிள்ளை பெயர்களாக வந்துகொண்டே இருந்தன. என் கழுத்தில் விசில் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பழக்கத்தில் போட்டு வந்தேன் என்று சொன்னால் டைரிகூட நம்பாது. ஊதினேன்.

மலையில் அடித்துத் திரும்பி வந்தது சத்தம். ஒரு குழந்தை அழுதது. பெரியப்பாவின் கை பானைக்குள் நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம் கேளுங்க. எங்கப்பாகூடப் பொறந்தவ்வோ மூணு பேரு. பெரியப்பா இந்தா நிக்காவ. உலகம்மா அத்த, பிச்சம்மா அத்த. அந்த ரெண்டு பேரையும் யாருக்காவது ஞாபகம் இருக்கா? இந்தத் தலையோடதான் பொறந்தாவ. இந்தக் கோயில்லதான் மொட்ட போட்டாவ. புத்துல செத்தாவ. எனக்கு ரெண்டு எடத்துல வந்துட்டு. இந்தா நிக்காளே சிவகாமி மதினி, இவளுக்கும் இருக்கு. இது ரத்தத்துல வருது. பொண்ணக் கட்டிக் குடுத்தா சாமி மாறலாம், ரத்தம் மாறாது. ஆம்பளப் பிள்ளைக்கும் வரும், அவன் மூலமா அவன் பிள்ளைக்கும் வரும். ரத்தம் எடுத்துப் பாத்தா, சின்னதுலயே பிடிச்சிரலாம். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

"சாமி முன்னால நோவப் பேசாத" என்றார் பெரியப்பா.

"வேற எங்க பேச? வீட்டுல பேசுனா கதவச் சாத்துதிய."

அங்கங்கே முணுமுணுப்பு. ஒரு மருமகள் தன் பையனின் தலையைத் தொட்டுப் பார்த்ததை நான் கவனித்தேன். பூரணி பானைகளுக்குப் பின்னால் தரையைப் பார்த்து நின்றிருந்தாள். இந்த வருடத்தோடு அவளுக்கும் இந்தக் கோயில் முடிகிறது.

பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். சத்தம் போடவில்லை. "இவ்வளவு பேசுதியே தாயி. ஊரு பிள்ளைக்கெல்லாம் பாக்கச் சொல்லுதியே. ஒம் பிள்ளைக்குப் பாத்தியா?"

"பாத்தாச்சு. அவளுக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

சாஸ்தா முன்னால் சொன்னேன். கண்ணை மூடாமல் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. இல்லை, தெரியும்.

"இல்ல தாத்தா" என்றாள் சஷ்டி. என் பின்னால்தான் நின்றிருந்தாள். "அம்ம பொய் சொல்லுதா. எனக்கு ரத்தமே எடுக்கல."

இவர் அவள் தோளைப் பிடித்தார். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"அம்மயோட பேப்பர நான் ஜனவரிலயே படிச்சிட்டேன். எனக்கும் பாக்கணும்னு அதுல எழுதியிருக்கு. அப்பா கேட்டா அம்ம பரீட்சங்கா, ஜலதோஷங்கா. அம்மைக்குப் பயம்." அப்புறம் பானைகளைத் தாண்டிப் பார்த்து, குரலைக் கொஞ்சம் இறக்கிச் சொன்னாள். "பூரணி சித்தி, எனக்கும் தனியாப் போகப் பயமா இருக்கு. நீ கூட வாரியா? ரெண்டு பேரும் சேந்து குடுத்துருவோம்."

பூரணி பெரியப்பாவைப் பார்த்தாள். சஷ்டியைப் பார்த்தாள். பிறகு பானைகளைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

"வாரேன்" என்றாள்.

"எளா பூரணி!"

"பிள்ள தனியாப் போவாளாப்பா?"

பெரியப்பா கரண்டியை எடுத்து அடுத்த பெயரைச் சொன்னார். சோறு இலைக்கு வெளியே விழுந்தது.

எங்களுக்குப் பிரசாதம் கொடுக்கவில்லை. அந்த மருமகள்தான் தன் பங்கிலிருந்து ஒரு உருண்டை கொண்டுவந்து சஷ்டியிடம் கொடுத்து, டாக்டர் நம்பர் கேட்டாள். வரும் வழியெல்லாம் சஷ்டி என்னோடு பேசவில்லை. எனக்குப் பேச முகம் இல்லை.

ஏப்ரல் 12

பிளாக் செய்ததைப் பூரணி எடுத்துவிட்டாள். "எப்பம் போகணும்?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 17, வியாழன்

போனோம். பூரணி மாப்பிள்ளையிடம் தானே போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அந்தப் பையன், எந்த ஆஸ்பத்திரி, நான் வண்டியில் கொண்டுவந்து விடுகிறேன் என்றானாம். விட்டுவிட்டு வெளியே டீக்கடையில் நின்றான். பெரிய தைரியசாலி போலவும் தெரியவில்லை, டீயை நாலு தடவை ஊதினான். ஆனால் நின்றான்.

சித்தியும் மகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யார் முதலில் முகத்தைச் சுளிக்கிறார்களோ அவர்கள் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். ஊசி அவர்களுக்கு ஏறியது. முகத்தைச் சுளித்தது நான். நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

பூரணியின் கழுத்துக் கட்டியிலும் ஊசி குத்திச் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 22

கழுத்துக் கட்டி சாதாரணக் கட்டியாம். ரத்த முடிவு வரட்டும் என்கிறார் டாக்டர்.

மே 9, வெள்ளி

பூரணிக்கு இல்லை. சஷ்டிக்கு இருக்கிறது.

அதே நாள்

மேலே இருக்கிற வரிக்குக் கீழே வேறு எதுவும் எழுத முடியாமல் மாடியில் போய்த் துணியெல்லாம் எடுத்து மடித்துவிட்டு வந்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். டாக்டர் சொன்னபோது முதலில் எனக்குப் பூரணி மேல் கோபம் வந்தது. அவளுக்காக எத்தனை வாசல் ஏறி இறங்கினேன். அவள் தப்பிவிட்டாள், என் பிள்ளை மாட்டிக்கொண்டாள் என்று ஒரு நொடி நினைத்தேன். பூரணி என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். சந்தோஷப்படாமல் தேம்பித் தேம்பி அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டேன். பாவம், தப்பியதற்காக அழுகிற பிள்ளை.

வீட்டுக்கு வந்து சஷ்டி என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"எல்லார் வீட்டுக்கும் போயி வெரட்டி வெரட்டிச் சொன்ன. என்கிட்ட மட்டும் ஏம்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சு மக்கா."

"ஒனக்கா?"

"எனக்குத்தான். அவ்வோளுக்கெல்லாம் இருந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். ஒனக்கு இருந்தா என்ன செய்யணும்னு தெரியல. நான்தான ஒனக்குக் குடுத்தேன்."

"நீ தலையையும் குடுத்திருக்க. அதுக்குள்ள இருக்கதயும் குடுத்திருக்க. எல்லாத்துக்கும் அழுவியா? பிச்சம்மா பாட்டிக்குத் தெரியாமலே போச்சு. எனக்குப் பதிமூணு வயசுலயே தெரிஞ்சிட்டு. நான்தான் மொதல்ல பிடிச்சிருக்கேன்" என்றாள். பிறகு என் மடியில் படுத்து நிறைய அழுதாள். பதிமூன்று வயதுதானே.

மே 10, சனி

பெரியப்பா போன் செய்தார். மகளுக்கு இல்லை என்கிற சந்தோஷத்தைச் சொல்லத்தான் எடுத்தார், குரலில் தெரிந்தது. சஷ்டி பற்றிச் சொன்னேன். "என் மூத்த மவனுக்கு ரெண்டும் பொட்டப் பிள்ளைய, சிவகாசில" என்றார். "அவன நான் கூட்டியாரேன். நானும் குடுக்கேன். அந்த டாக்டரம்மா திங்கக்கெழம இருப்பாவளா?"

இருப்பார் என்றேன். சொல்ல நிறைய இருந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

மே 12, திங்கள்

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியப்பாவும் அவர் மூத்த மகனும் ரத்தம் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். சஷ்டிக்கு முதல் கழுத்து ஸ்கேன். நானும் உள்ளே வருகிறேன் என்று எழுந்தேன்.

"நீ வேண்டாம். நீ வந்தா அந்தக்காவ மெரட்டுவ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். இவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். மைதானத்தில் நான் உட்கார் என்றால் நூறு பிள்ளைகள் உட்காரும். இங்கே நான் உட்கார்ந்திருக்கிறேன்.

டாக்டர் ஷமீமா இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். கழுத்து சுத்தமாக இருக்கிறது. ஒரு புள்ளிகூட இல்லை. அடுத்த வருடம் இதே மாதம் வரவேண்டும், அதற்கடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும்.

உள்ளே இன்னும் முடியவில்லை. சஷ்டி சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஜெல் குளிர்ந்து கழுத்துக் கூசுகிறது போலிருக்கிறது. ஆடாதே ஆடாதே என்று ஸ்கேன் எடுக்கிற பெண்ணும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிரிக்கட்டும். வருடா வருடம் வருவோம், இப்படியே சிரித்துவிட்டுப் போவோம்.